கைரேகை விழாத நாள்

ராயக்கோட்டைக்குக் கிழக்கே,
மலை நிழல் நான்கு மணிக்குத்தான் எட்டிப்பார்க்கும் தோட்டத்தில்
முனிலட்சுமி தக்காளிக்குக் கயிறு கட்டுகிறாள்.
காலையில் கை, கையாகத்தான் இருந்தது.
பத்து மணிக்குப் பாசி.
சோற்றுத் தூக்கைத் திறக்கும்போது தார்.
சோப்புப் போட்டால் மஞ்சள் நுரை வருகிறது,
தார் வருவதில்லை.

காற்றில் ஒரு வாசம், கசப்பும் பச்சையுமாக.
பழத்துக்குக் கிடையாது அது.
மண்டியில் அடுக்கிய கிரேட் ஒவ்வொன்றிலும்
மூக்கை வைத்து முகர்ந்தாலும் கிடைக்காது.
இலையின் மயிருக்கு மட்டும்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு:
இலை ஒரு ராகி மணி அளவு இருக்கும்போதே
தோலில் ஒரு செல்லுக்குப் பொறுக்க முடியாமல் போகிறது.
அக்கம்பக்கமெல்லாம் தளக்கல்லாய்ப் படுத்துக் கிடக்க
இது மட்டும் முட்டிக்கொண்டு எழுகிறது.
குறுக்கே ஒரு சுவர். கீழே கால், மேலே தலை.
தலை இரண்டாகிறது. இரண்டு நான்காகிறது.
நான்கும் தோள் ஒட்டி நின்று
அடுப்பில்லாமல், புகையில்லாமல்
எதையோ காய்ச்சி
நடுவில் இருக்கும் குழிக்குள் ஊற்றுகின்றன.
ஒரு சொட்டு.
சொட்டு என்பதே அதற்குப் பெரிய வார்த்தை.

பிறகு காத்திருக்கிறது.

வெள்ளை ஈ வந்து உட்காரும்.
ஒரு கால் வைக்கும். தலை உடையும்.
ஒட்டிய காலைத் துடைக்க
இன்னொரு காலைக் கொண்டுவரும். அதுவும்.
காற்றுப் பட்டதும் கசிவு பழுப்பாகி இறுகும்.
மாலைக்குள் ஈ
தன் ஆறு கால்களுக்கும் பூட்ஸ் போட்டுக்கொண்டு
அங்கேயே நின்றிருக்கும்.

இதைத்தான் நான் எண்ணுகிறேன்.
தருமபுரியில், தகரக் கூரை கொதிக்கும் மாடி அறையில்,
மைக்ரோஸ்கோப்பில் ஒரு கண்ணை வைத்து,
ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை தலை என்று.
ஆறுமாத வேலை. சம்பளம் இரண்டு மாதம் பாக்கி.
இலைக்காகப் பஸ் ஏறி வரும்போதெல்லாம்
முனிலட்சுமி கேட்பாள்:
"எத்தினி மயிரு ஆச்சு?"
கேட்டுவிட்டு வாயைப் பொத்திச் சிரிப்பாள்.
பொத்திய இடத்தில் பச்சை மீசை.

அன்றைக்கு அவளோடு ரேஷன் கடைக்குப் போனேன்.
"பெருவிரல வைம்மா" என்றான் தேவராஜ்.
வைத்தாள்.
மெஷின் முனகியது.
"அழுத்தி வை."
மூன்றாவது தடவையும் அது அவளை யாரென்று சொல்லவில்லை.
பின்னால் பாமாயில் டப்பாக்கள் பொறுமையிழந்தன.
"கைய கழுவிட்டு நாளைக்கு வா. இவ்வளவு அழுக்கோட…"

"அழுக்கு இல்லண்ணா இது."

"பின்ன என்னது?"

அவள் என்னைப் பார்த்தாள்.
என் நோட்டில் அதற்கு நான்கு பெயர்கள் இருந்தன,
நான்கும் நீளம்.
ஒன்றும் அந்த வரிசையில் நின்று சொல்லக்கூடியதில்லை.

அவள் பைக்குள் கைவிட்டு
ஒரு தக்காளிக் காயை எடுத்தாள், பிஞ்சு கழிந்த பச்சைக்காய்.
வாசலில் குந்தி, கல்லில் வைத்து நசுக்கி
விரல் விரலாகத் தேய்த்தாள்.
புளிப்பு ஏறியதும் தார் இளகியது.
இட்ட பூட்டுக்குச் சாவியும் அதே வீட்டில்.
முழங்கை வழியே பச்சைத் தண்ணீர் வழிந்து
தெருநாய் ஒன்று முகர்ந்து, தும்மி, போனது.

நான்காம் முறை மெஷின் ஒப்புக்கொண்டது.
இருபது கிலோ அரிசி. துவரை வரவில்லையாம்.

மறுநாள் மாடி அறை.
ஏழாம் நம்பர் இலையைக் கண்ணாடியில் விரித்தேன்.
தலைகள் உடைந்திருந்தன.
எல்லாம் இல்லை:
ஒரு வரிசை பழுப்பாய் உடைந்து, ஒரு வரிசை முழுதாய்,
மறுபடி உடைந்து, மறுபடி முழுதாய்,
வளைந்து வளைந்து உள்ளே போய்
நடுவில் ஒரு சுழி.

கயிறு கட்டும்போது பிடித்திருப்பாள்.

சேதமான இலையைக் கணக்கில் சேர்க்கக்கூடாது,
தாளில் அப்படித்தான் இருக்கிறது.
எட்டாம் நம்பரை எடுத்தேன்.
வைத்தேன்.
திரும்ப ஏழை எடுத்து
வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.